போகலாமா, வேண்டாமா: பயண எச்சரிக்கைகளின் வரலாறு

வெளிநாடு போகும் குடிமக்களுக்கு, போகிற இடத்தில் இருக்கும் ஆபத்தை அவர்களுடைய அரசு முன்கூட்டியே எடுத்துச் சொல்வதுதான் பயண எச்சரிக்கை. ஓர் ஊரில் குண்டு வெடித்தால், பொழுது சாய்வதற்குள் பல நாட்டு வெளியுறவுத் துறைகள் அந்த ஊரின் பெயரைச் சொல்லி அறிவிப்பு வெளியிட்டுவிடுகின்றன. விமான டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர் அதைப் படித்துவிட்டுப் போவதா, வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு போல இது தோன்றும். உண்மையில் இதற்கு ஏறத்தாழ ஐம்பது வயதுதான். அதிலும், அதிகாரிகளுக்குத் தெரிந்த ஆபத்து சாதாரணப் பயணிக்கும் தெரிந்தாக வேண்டும் என்ற விதி, 270 உயிர்கள் போன ஒரு விமான அழிவுக்குப் பிறகே சட்டத்தில் ஏறியது.

இதன் முன்கதை ஒரு நாளிதழ் அறிவிப்பில் தொடங்குகிறது. 1915 மே 1 அன்று லூசிட்டானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்டது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. கப்பல் புறப்பட்ட அன்று காலை அமெரிக்க நாளிதழ்களில் ஜெர்மன் தூதரகம் ஓர் அறிவிப்பு கொடுத்திருந்தது. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் போர்ப் பகுதி, அங்கே பிரிட்டிஷ் கொடியுடன் வரும் கப்பல்கள் அழிக்கப்படக் கூடும், அவற்றில் ஏறுவோர் தம் சொந்தப் பொறுப்பில்தான் ஏறுகிறார்கள் என்பது அதன் சாரம். கப்பல் நிறுவனத்தின் விளம்பரத்துக்கு அருகிலேயே அது அச்சாகியிருந்தது. பயணிகளில் பெரும்பாலோர் பயணத்தைக் கைவிடவில்லை. மே 7 அன்று அயர்லாந்தின் தெற்குக் கரையருகே ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்ப்பிடோ தாக்கி, 18 நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. இறந்தவர்கள் 1,190 பேருக்கும் மேல். அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள்.

அது நாடுகளுக்கு இடையிலான போர். பயங்கரவாதம் என்று இன்று சொல்லப்படுவது வேறு. ஆனால் பின்னர் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி அன்றே எழுந்துவிட்டது. கப்பலை மூழ்கடித்த நாடே எச்சரித்திருக்க, பயணிகளின் சொந்த அரசு ஏன் எச்சரிக்கவில்லை? அமெரிக்க வெளியுறவுச் செயலர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், போரிடும் நாடுகளின் கப்பல்களில் அமெரிக்கர்கள் ஏறாதபடி அரசு தடுக்க வேண்டும் என்று கருதினார். நடுநிலை நாட்டுக் குடிமகனுக்குக் கடலில் எங்கும் போகும் உரிமை உண்டு, அந்த உரிமையைத் தானே சுருக்கிக்கொள்வது ஒரு நாட்டுக்கு இழுக்கு என்பது குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் நிலை. ஜெர்மனிக்கு எழுதிய கடிதங்களின் கடுமை பற்றிய கருத்து வேறுபாட்டில் பிரையன் 1915 ஜூனில் பதவி விலகினார். ஆயுதம் தாங்கிய கப்பல்களில் ஏற வேண்டாம் என்று குடிமக்களை எச்சரிக்கக் கோரி செனட்டர் கோரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மெக்லெமோரும் கொண்டுவந்த தீர்மானங்களை, வில்சனின் வற்புறுத்தலால் அமெரிக்க நாடாளுமன்றம் 1916 மார்ச்சில் கிடப்பில் போட்டது. வில்சனின் வாதத்தில் நாட்டின் மானம் காக்கப்பட்டது. கப்பலில் ஏறுகிற மனிதனின் உயிர் அதில் இரண்டாம் இடத்துக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்குள் காற்று திசை மாறியது. 1935ஆம் ஆண்டின் நடுநிலைச் சட்டம், போரிடும் நாட்டுக் கப்பலில் போகிறவர் சொந்தப் பொறுப்பில் போகிறார் என்று அறிவிக்க வழி செய்தது. 1937ஆம் ஆண்டின் சட்டம் அப்படிப் போவதையே தடை செய்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெட் விமானங்கள் வந்தன. கடல் கடந்த பயணம் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. கூடவே விமானக் கடத்தலும் வந்தது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் கடத்தல்கள் ஏறக்குறைய வாடிக்கையாகவே ஆயின. அமெரிக்க விமான நிலையங்களில் ஒவ்வொரு பயணியையும் அவர் கைப்பையையும் சோதிக்கும் முறை 1973 ஜனவரியில்தான் கட்டாயமானது. 1978இல் அமெரிக்க வெளியுறவுத் துறை பயண அறிவிப்புகளை முறைப்படி வெளியிடத் தொடங்கியது.

அந்த அறிவிப்புகளின் வலிமையை உலகம் கண்டது 1985இல். ஜூன் 14 அன்று ஏதென்ஸிலிருந்து ரோமுக்குக் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 847 விமானம் கடத்தப்பட்டது. பெய்ரூட்டுக்கும் அல்ஜியர்ஸுக்கும் இடையே அலைக்கழிக்கப்பட்ட பயணிகளில் அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் கொல்லப்பட்டார். பிணையாளிகள் சிலர் விடுபட 17 நாட்கள் ஆயின. ஏதென்ஸ் விமான நிலையத்தில் பாதுகாப்பு போதாது என்று அமெரிக்கா சில நாட்களிலேயே அறிவித்தது. கோடைச் சுற்றுலாவை நம்பியிருந்த கிரேக்கத்துக்கு அது பெரிய அடி. அதே ஆண்டு அக்டோபரில் அக்கிலே லாரோ கப்பல் கடத்தல், டிசம்பர் 27 அன்று ரோம், வியன்னா விமான நிலையங்களில் ஒரே நேரத்தில் துப்பாக்கிச் சூடு, 1986 ஏப்ரலில் மேற்கு பெர்லின் நடன விடுதியில் குண்டு, அதற்குப் பதிலடியாக லிபியா மீது அமெரிக்கக் குண்டுவீச்சு, அம்மாத இறுதியில் செர்னோபில் அணு உலை விபத்து என்று அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1986 கோடையில் அமெரிக்கர்கள் ஐரோப்பாவைத் தவிர்த்தார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க, பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்த ஜூன் 10 அன்று அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குப் போன தன் விமானங்களின் 5,200 இருக்கைகளை இலவசமாகவே கொடுத்தது.

அச்சம் தானாகவே ஊர் ஊராகப் பரவியபோது எச்சரிக்கைக்குத் தனியாக வேலை இருக்கவில்லை. அதன் உண்மையான சோதனை இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது.

1988 டிசம்பர் 5 அன்று ஹெல்சின்கியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பெயர் சொல்லாத ஒருவர் பேசினார். பிராங்க்பர்ட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பான் ஆம் விமானம் ஒன்றில் இரண்டு வாரங்களுக்குள் குண்டு வைக்கப்படும், பின்லாந்துப் பெண் ஒருத்தி தனக்கே தெரியாமல் அதைச் சுமந்து போவாள் என்றார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்தத் தகவலை விமான நிறுவனங்களுக்கு அனுப்பியது. வெளியுறவுத் துறை தூதரகங்களுக்கு அனுப்பியது. மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தில் டிசம்பர் 13 தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்த ஊழியர்களும், அந்நகரில் வாழ்ந்த மற்ற அமெரிக்கர்களும் அதைப் படிக்க முடிந்தது. பயணத்தை மாற்றிக்கொள்வது அவரவர் முடிவு என்று அது விட்டிருந்தது.

டிசம்பர் 21 மாலை, லண்டன் ஹீத்ரூவிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட பான் ஆம் 103 ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்ற சிற்றூருக்கு மேலே வெடித்துச் சிதறியது. அந்தப் பயணத்தின் முதல் கட்டம் பிராங்க்பர்ட்டில் தொடங்கியிருந்தது. விமானத்தில் இருந்த 259 பேரும், தரையில் 11 பேரும் இறந்தார்கள். வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டு வீடு திரும்பிய சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் படிப்புத் திட்ட மாணவர்கள் 35 பேர் அதில் இருந்தார்கள். அவர்களுக்கோ, அவர்களின் பெற்றோருக்கோ ஹெல்சின்கி அழைப்பைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை.

அந்த அழைப்பு வெறும் புரளி என்றே புலனாய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். பின்னாளில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் ஏற்ற சான்றுகளின்படி குண்டு மால்டாவிலிருந்து கிளம்பிய ஒரு பெட்டியில், டோஷிபா ரேடியோ கேசட் பிளேயருக்குள் இருந்தது. லிபியாவின் உளவுத் துறையைச் சேர்ந்த ஒருவர் 2001இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பின்லாந்துப் பெண் யாரும் இல்லை. இன்னொரு தகவல்தான் மெய்யான ஆபத்துக்கு நெருக்கமாக இருந்தது. 1988 அக்டோபரில் மேற்கு ஜெர்மனிப் போலீசார் ஒரு பாலஸ்தீனக் குழுவைப் பிடித்தபோது, டோஷிபா ரேடியோ ஒன்றுக்குள் ஒளித்த குண்டைக் கண்டெடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி நவம்பரிலேயே பாதுகாப்புத் துறைகளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பொய்யான எச்சரிக்கை பலகையில் ஏறியது, பயன்பட்டிருக்கக் கூடியது கோப்புகளுக்குள் நின்றது. எச்சரிக்கை வெளியிடும் அதிகாரிகளின் இக்கட்டு இதிலிருந்து விளங்கும். வருகிற தகவலில் எது பதர், எது நெல் என்று சம்பவத்துக்கு முன்பு பிரித்தறிய அவர்களிடம் முறமில்லை.

ஆனால் இறந்தவர்களின் குடும்பத்தினர் கேட்டது வேறு. தகவல் பொய்யோ, மெய்யோ, தூதரக ஊழியருக்குச் சொல்லத் தகுந்ததாக இருந்தது ஒரு மாணவிக்குச் சொல்லத் தகாததாக எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எதுவும் கிடையாது. குடும்பத்தினர் சங்கமாகத் திரண்டு வாஷிங்டனில் விடாமல் வலியுறுத்தினார்கள். குடியரசுத் தலைவர் புஷ் அமைத்த விசாரணைக் குழு 1990 மே மாதம் அறிக்கை தந்தது. அவ்வாண்டு நவம்பரில் விமானப் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. விமானங்களுக்கு வரும் அச்சுறுத்தலைப் பொதுமக்களுக்கு எப்போது அறிவிப்பது என்பதற்கு விதிமுறைகள் வகுக்கச் சொன்ன அச்சட்டம், பயணிகளில் ஒரு சாராருக்கு மட்டும் தனியே சொல்வதை, அச்சுறுத்தல் அவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தாலன்றி, தடை செய்தது. அரசு ஊழியருக்கு ஒரு நீதி, குடிமக்களுக்கு ஒரு நீதி கூடாது என்ற இந்தக் கொள்கை வெளியுறவுத் துறையின் எல்லா எச்சரிக்கைகளுக்கும் அடிப்படையானது. தூதரகத்துக்குள் ஊழியர்களுக்குச் சொல்லும் பாதுகாப்புச் செய்தியை அதே கையோடு வெளியிலும் சொல்ல வேண்டும் என்பது அன்றிலிருந்து நடைமுறை. பயணிகளுக்கான இன்றைய எச்சரிக்கைகளில் எது வெளிப்படையாக வருகிறதோ அதில் லாக்கர்பிப் பெற்றோர்களின் உழைப்பு இருக்கிறது.

அதன்பின் வடிவங்கள் பலமுறை மாறின. 2018 ஜனவரி முதல் அமெரிக்கா எல்லா நாடுகளையும் நான்கு நிலைகளில் வைக்கிறது: வழக்கமான கவனம், கூடுதல் கவனம், பயணத்தை மறுபரிசீலனை செய்க, போக வேண்டாம். காரணத்தைக் குறிக்க ஆங்கில எழுத்துகள் உண்டு. பயங்கரவாதத்துக்கு 'டி', குற்றங்களுக்கு 'சி', 2019 முதல் ஆள் கடத்தலுக்கு 'கே'. எச்சரிக்கையைத் தடையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தடை மிக அரிதாகவே வரும். லெபனானில் அமெரிக்கர்கள் தொடர்ந்து கடத்தப்பட்டபோது 1987 முதல் 1997 வரை அமெரிக்கக் கடவுச்சீட்டு அந்நாட்டுப் பயணத்துக்குச் செல்லாது என்றிருந்தது. 2017 முதல் வட கொரியாவுக்கு அப்படி ஒரு தடை உள்ளது. மற்றபடி 'போக வேண்டாம்' என்பதும் அறிவுரைதான், மீறினால் தண்டனை இல்லை.

எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்ற அடுத்த கேள்வியைப் பாலி எழுப்பியது. 2002 அக்டோபர் 12 இரவு, இந்தோனேசியாவின் பாலித் தீவில் கூட்டா பகுதியிலுள்ள இரண்டு கேளிக்கை விடுதிகளில் குண்டுகள் வெடித்து 202 பேர் இறந்தார்கள். அவர்களில் 88 பேர் ஆஸ்திரேலியர்கள். அதற்கு முன் இந்தோனேசியா பற்றி ஆஸ்திரேலிய அரசு எச்சரிக்கை வெளியிடாமல் இருக்கவில்லை. ஆனால் பாலியில் சுற்றுலாச் சேவைகள் வழக்கம்போல் நடக்கின்றன என்றும் அதே அறிவுரை சொல்லியிருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றி ஆஸ்திரேலிய செனட் நீண்ட விசாரணை நடத்தியது. நாட்டைப் பொதுவாகப் பயமுறுத்திவிட்டு, மக்கள் உண்மையில் போகிற இடத்தை மட்டும் விலக்கிச் சொல்லும் எச்சரிக்கை எவருக்கும் பயன்படாது என்பது அப்போது புலனானது. பயண அறிவுரைகளை மக்களிடம் கொண்டுசேர்க்க 'ஸ்மார்ட்டிராவலர்' என்ற திட்டத்தை ஆஸ்திரேலியா 2003இல் தொடங்கியது.

பிரிட்டன் எதிர்த் திசையிலும் யோசித்தது. எல்லா இடத்துக்கும் எச்சரிக்கை என்றால் மக்கள் எதையும் நம்பமாட்டார்கள், பயங்கரவாதிகள் நினைத்த முடக்கமும் தானாக நடந்துவிடும். 2004இல் வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா, மிகக் கடுமையான, உடனடியான ஆபத்து இருந்தால் மட்டுமே பயணம் வேண்டாமென்று சொல்வோம் என்று அறிவித்தார். சொல்லாமல் விட்ட பழியா, மிகையாகச் சொன்ன பழியா என்ற இழுபறியில் வெளியுறவுத் துறைகள் இன்றும் நிற்கின்றன.

எச்சரிக்கப்பட்ட நாடுகளின் தரப்பில் கசப்பு வேறு விதமானது. கென்யா அதை முதலில் உரத்துச் சொன்ன நாடுகளில் ஒன்று. நைரோபியில் 1998 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கத் தூதரகம் தகர்க்கப்பட்டதிலிருந்தே அந்நாடு எச்சரிக்கைப் பட்டியல்களில் இடம்பெற்று வந்தது. 2003 மே மாதம் பிரிட்டன் தன் விமானங்கள் கென்யாவுக்குப் போவதையே சில வாரங்கள் நிறுத்தியது. 2014 மே மாதம் மொம்பாசாவைத் தவிர்க்கச் சொன்னபோது, பயண நிறுவனங்கள் அங்கே விடுமுறையில் இருந்த நூற்றுக்கணக்கானோரை நடுவிலேயே விமானம் ஏற்றித் திருப்பி அழைத்துக்கொண்டன. கடலோர விடுதிகளில் அறை துடைப்பவர், படகு ஓட்டுபவர், மர வேலைப்பாடுகள் விற்பவர் ஒரே வாரத்தில் வருமானம் இழந்தார்கள். குண்டு வைத்தவனோடு அவர்களுக்கு எந்த உறவும் இல்லை. லண்டனிலோ பாரிஸிலோ குண்டு வெடித்தால் யாரும் 'போகாதே' என்று சொல்வதில்லையே என்று கென்யர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. பணக்கார நாட்டில் நடந்தால் அது ஒரு சம்பவம், ஏழை நாட்டில் நடந்தால் அது அந்நாட்டின் இயல்பு என்று பார்க்கும் பழக்கம் எச்சரிக்கைகளின் மொழியில் அடிக்கடி ஒளிந்திருக்கிறது.

துனிசியாவின் நிலை இன்னும் சிக்கலானது. 2015 ஜூன் 26 அன்று சூஸ் நகரக் கடற்கரை விடுதியில் ஒரே துப்பாக்கிதாரி 38 சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்றான். 30 பேர் பிரிட்டிஷார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் தலைநகர் துனிஸின் பார்தோ அருங்காட்சியகத்தில் தாக்குதல் நடந்திருந்தது. அங்கே பயங்கரவாத ஆபத்து அதிகம் என்று பிரிட்டிஷ் அறிவுரை அப்போதே கூறியிருந்தும், விடுமுறையை விற்ற இடத்தில் அதை யாரும் தங்களுக்குச் சுட்டிக்காட்டவில்லை என்று 2017இல் நடந்த மரண விசாரணையில் குடும்பத்தினர் கூறினார்கள். எச்சரிக்கை வெளியாகிவிட்டது, கடைசி மைலைக் கடக்கவில்லை. தாக்குதலுக்குப் பின் பிரிட்டன் 2015 ஜூலையில் அவசியமான பயணம் தவிர மற்றவை வேண்டாம் என்று அறிவித்து, 2017 ஜூலை வரை அதைத் தளர்த்தவில்லை. பிரான்ஸும் ஜெர்மனியும் அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரே கடற்கரை, ஒரே ஆபத்து. மூன்று நாட்டுக் குடிமக்களுக்கு மூன்று விதமாகச் சொல்லப்பட்டது.

பிரிட்டிஷ் அறிவுரைக்கு இவ்வளவு கனம் வருவதற்குக் காப்பீடு ஒரு காரணம். அரசு வேண்டாமென்று சொன்ன இடத்துக்குப் போனால் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் செல்லாது. தொகுப்புச் சுற்றுலா விற்கும் நிறுவனங்கள் அந்த அறிவுரை வந்தால் பயணத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருகின்றன. வராவிட்டால், பயந்துபோய் நிறுத்திக்கொள்பவருக்குப் பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆக, பெயரளவில் அறிவுரையாக இருப்பது பணக் கணக்கில் உத்தரவாகிவிடுகிறது. 'அவசியமான பயணம்' எது என்பதை மட்டும் அரசு பயணியிடமே விட்டுவிடுகிறது.

போகாமல் இருப்பது எப்போதும் பாதுகாப்பாகிவிடும் என்பதும் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்துத் தொலைதூரம் காரில் போனார்கள். அதனால் அடுத்த ஓராண்டில் சாலை விபத்துகளில் கூடுதலாக ஏறத்தாழ 1,500 பேர் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மன் உளவியல் அறிஞர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டுக் காட்டினார். ஒரே நாளில் பலர் சாகும் ஆபத்து மனத்தில் பெரிதாகவும், நாள்தோறும் சிலர் சாகும் ஆபத்து சிறிதாகவும் தெரிவது மனித இயல்பு. எச்சரிக்கைகள் அந்த இயல்பின் மீதுதான் விழுகின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் விடுமுறைக்குப் போகிறவர்களின் கதை. இந்தியாவில் பயண எச்சரிக்கையின் கதை பெரிதும் வேலைக்குப் போகிறவர்களுடையது. 2004 ஜூலையில் ஈராக்கில் லாரி ஓட்டுநர்களான மூன்று இந்தியர்கள் கடத்தப்பட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டார்கள். அதையடுத்து இந்திய அரசு ஈராக்குக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி பெற வேண்டும். காகிதத்தில் இது வலுவான அரண். தடையைச் சுற்றிக்கொண்டு துபாய், ஜோர்டான் வழியாக ஆட்களை அனுப்பிய முகவர்களை அது நிறுத்தவில்லை.

2014 ஜூனில் ஐ.எஸ். படைகள் மோசூலையும் திக்ரித்தையும் பிடித்தபோது அங்கே இந்தியர்கள் இருந்தார்கள். திக்ரித் மருத்துவமனையில் சிக்கிய 46 செவிலியர்கள், கேரளத்தைச் சேர்ந்தவர்களும் தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவரும், ஜூலை 5 அன்று தனி விமானத்தில் கொச்சி வந்து இறங்கினார்கள். மோசூலில் கடத்தப்பட்ட கட்டுமானத் தொழிலாளர்கள் 39 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள், கொல்லப்பட்டார்கள் என்பது 2018 மார்ச்சில் உறுதியானது. செவிலியர்களில் பலர் முகவருக்கும் படிப்புக்கும் வாங்கிய கடன் அடையாமல் ஊர் திரும்பத் தயங்கினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டுக்கு, 'பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்' என்ற அறிவுரை எட்டாத சொகுசு. அந்தக் குடும்பங்களைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்படும் எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான்.

சொல்லப்படாத எச்சரிக்கை என்னவாகும் என்பதற்கு அண்மைக் காலத்தின் மிகக் கொடிய சான்று இலங்கையில் இருக்கிறது. 1982இல் நான்கு லட்சம் பயணிகளைக் கண்ட அத்தீவு, 1983 ஜூலை வன்முறைக்கும் உள்நாட்டுப் போருக்கும் பிறகு எச்சரிக்கைப் பட்டியல்களிலேயே கால் நூற்றாண்டு கிடந்தது. போர் முடிந்த 2009இல் வந்தவர்கள் சுமார் நான்கரை லட்சம் பேர். 2018இல் அந்த எண்ணிக்கை 23 லட்சத்தைத் தாண்டி, சுற்றுலா வருமானம் 438 கோடி டாலரை எட்டியிருந்தது.

2019 ஏப்ரல் 4 அன்று, தாக்குதல் திட்டமொன்றைப் பற்றி இந்திய உளவுத் துறை இலங்கைக்குத் தகவல் தந்தது. ஏப்ரல் 11 அன்று இலங்கைப் போலீஸ் உயரதிகாரி ஒருவர், பின்னர் அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிமின் பெயரையே குறிப்பிட்டு, முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்குக் கடிதம் அனுப்பினார். கத்தோலிக்கத் தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்றும் அந்தத் தகவலில் இருந்தது. தேவாலயங்களுக்குச் சொல்லவில்லை, ஹோட்டல்களுக்குச் சொல்லவில்லை, மக்களுக்குச் சொல்லவில்லை. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கும் மேல் இறந்தார்கள். வெளிநாட்டவர் 40 பேருக்கும் மேல். மட்டக்களப்பில் இறந்தவர்களில் குழந்தைகள் பலர், பெரும்பாலும் தமிழ்க் குழந்தைகள்.

பெரிய தேவாலயங்களுக்குப் போக வேண்டாமென்று தன் தந்தை முன்பே சொல்லியிருந்ததாக அமைச்சர் ஒருவர் தாக்குதலுக்குப் பின் வெளிப்படையாகக் கூறினார். மாஸ்கோ அறிவிப்புப் பலகைக்கும் இதற்கும் நடுவே முப்பது ஆண்டுகள். அதிகாரத்துக்கு அருகில் இருந்தவருக்குக் காற்றுவாக்கில் எட்டிய செய்தி, பூசைக்கு வெள்ளை உடுத்திப் பிள்ளைகளோடு போன குடும்பத்துக்கு எட்டவில்லை.

எச்சரிக்கைகள் வந்தன, தாக்குதல் முடிந்த பிறகு. ஏப்ரல் இறுதிக்குள் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்தியாவும் இலங்கைப் பயணத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ தம் மக்களுக்குச் சொல்லிவிட்டன. 2018 மே மாதம் ஒரு லட்சத்து 29 ஆயிரம் பயணிகள் வந்த நாட்டுக்கு 2019 மே மாதம் வந்தவர்கள் 37,802 பேர். ஜூன் முதல் வாரத்தில் பிரிட்டன் தன் அறிவுரையைத் தளர்த்தியது, மற்ற நாடுகளும் தளர்த்தின. ஆகஸ்ட் முதல் இலங்கை 48 நாட்டவருக்கு விசாக் கட்டணத்தை நீக்கியது. அம்மாதம் வருகை ஒரு லட்சத்து 43 ஆயிரமாக உயர்ந்தது. சட்டென்று சரியும் ஒரு நாட்டின் சுற்றுலா, எச்சரிக்கை விரைவில் விலக்கப்பட்டால் சில மாதங்களில் மீளத் தொடங்கும் என்பதை அந்த நான்கு மாதங்கள் காட்டின.

முன்னறிவிப்பு இருந்தும் தடுக்கத் தவறியது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாயும், அப்போதைய போலீஸ் மா அதிபரும் அரச உளவுச் சேவைத் தலைவரும் தலா 7.5 கோடியும், பாதுகாப்புச் செயலர் 5 கோடியும் இழப்பீடாகச் செலுத்த உத்தரவானது. எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்கு ஆட்சியாளர் தனிப்பட்ட முறையில் விலை கொடுக்க வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது, இந்த வரலாற்றில் லாக்கர்பிச் சட்டத்துக்கு இணையான படி.

அடுத்த சோதனை கிழக்குக் கரையில் வந்தது. பொத்துவிலுக்கு அருகேயுள்ள அறுகம் குடா அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் பெற்ற இடம், இஸ்ரேலிய இளைஞர்கள் திரளாக வருகிற இடம். 2024 அக்டோபர் 23 அன்று கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம், அங்குள்ள சுற்றுலா இடங்களைத் தாக்கும் திட்டம் பற்றி நம்பத்தகுந்த தகவல் கிடைத்திருப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. ஊரின் பெயர் அறிவிப்பிலேயே இருந்தது. இஸ்ரேல் தன் மக்களை உடனே வெளியேறச் சொன்னது. இலங்கைப் போலீசும் அதே நாளில் மக்களிடம் பேசியது, குடாவெங்கும் காவலைப் பலப்படுத்தியது, சந்தேக நபர்களைக் கைது செய்தது. விடுதிகள் காலியாயின, கடைக்காரர்களுக்குப் பருவத்தின் கடைசி வருமானம் போனது. தாக்குதல் நடக்கவில்லை. நவம்பரில் அமெரிக்கத் தூதரகம் அந்த எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது.